உள்ளே இருப்போரின் சொல்லுக்கு என்ன மதிப்பு?

மயிலம் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் விக்கிரவாண்டி. அவ்வட்டத்துக் குண்டலப்புலியூரில் இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மனநோயுற்றோர், மதுவுக்கு அடிமையானோர், ஆதரவற்றோர் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். தாக்குதல், பாலியல் வன்முறை எனக் கொடிய குற்றச்சாட்டுகள் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

இக்கொடுமை வெளிப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே சேர்க்கப்பட்டுக் காணாமற்போன முதியவர் ஒருவருக்காக, அவரைத் தேடியவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தனர். அதன் பிறகே கதவு திறந்தது. உள்ளே இருந்தோரின் குரலால் அது திறக்கவில்லை. அப்படியானால், தேடிவர யாருமற்றவரின் கதி என்ன?

சட்டத்தில் குறையில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கியது. சாதியின் பெயரால் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 18. வெளியாருடன் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் பிரிவு 26 உரிமை தருகிறது. சேவைக் குறைபாடு குறித்து முறையிடும் உரிமை பிரிவு 28-இல் உள்ளது.

ஆயினும் ‘குடிகாரன்’, ‘பைத்தியம்’ என்ற முத்திரை விழுந்ததும் ஒருவரின் முறையீடே நோயின் அறிகுறியாகக் கருதப்படுகிறது. அவர் சேரியிலிருந்து வந்த கூலித் தொழிலாளியாகவும் இருந்தால், அவர் சொல்லை ஐயுறுவதற்குச் சமூகம் ஏற்கெனவே பழகியிருக்கிறது. தனியார் மறுவாழ்வு மையங்களிலோ பணம் கட்டுவது குடும்பம். நிறைவா குறையா என்ற கேள்வியும் குடும்பத்திடமே கேட்கப்படுகிறது.

மாற்று வழி புதிதன்று. ஒவ்வொரு ஆலோசனை அமர்வின் முடிவிலும் ‘நான் சொன்னது காதில் விழுந்ததா, எனக்கு வேண்டியது பேசப்பட்டதா’ எனப் பயனாளரிடமே அளவிட்டுக் கேட்கும் முறை பல நாடுகளில் உள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘குவாலிட்டி ரைட்ஸ்’ திட்டம் குஜராத்தின் அரசு மனநல நிலையங்களில் செயல்பட்டபோது, பயனாளரும் பராமரிப்போரும் மாற்றத்தில் பங்கேற்றனர்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து இறந்தோரில் பலர் தலித் உழைப்பாளர்கள். அத்தகைய ஊர்களுக்குப் போதை மீட்புச் சேவை வகுப்போர் முதலில் அவ்வூராரையே கேட்க வேண்டும்: எது எட்டும், எது அவமதிக்கும், எது மீண்டும் குடிக்கத் தள்ளும்?

புகார்ப் பெட்டியின் சாவி நிர்வாகத்திடம் இருக்கும்வரை அது வெறும் பெட்டியே. சாவி மனநல மறுஆய்வு வாரியத்திடம் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதோர் வாய்மொழியாகவே முறையிட வழி வேண்டும். வந்த முறையீடுகளும் எடுத்த நடவடிக்கைகளும், பெயர்களை மறைத்து, மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நம் மாவட்டத்தில் பதிவு பெற்ற மையங்கள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பதிலிருந்து மாணவர்களும் இயக்கத் தோழர்களும் இப்பணியைத் தொடங்கலாம்.