கமெண்ட் பெட்டியைத் திறந்தவர்தான் காவல் நிற்க வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் மாவட்டத்தில் இன்று ஊருக்கு ஒரு செய்திப் பக்கம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை என்று எந்தப் பெயரைத் தட்டினாலும் முகநூலில் பக்கங்கள் வந்து நிற்கின்றன. வாட்ஸ்அப் குழுக்களுக்குக் கணக்கே கிடையாது. அவசரமாக ரத்தம் வேண்டும் என்றாலும், மின்தடை என்றாலும், காணாமல் போன மாடு என்றாலும் இவற்றால் உதவி கிடைக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. என் சண்டை அந்தச் செய்திகளோடு இல்லை. செய்திக்குக் கீழே நடப்பதோடுதான்.

பைக் விபத்தில் ஒரு பையன் இறந்தான் என்று படத்தோடு பதிவு வருகிறது. கீழே பாருங்கள். "போதையா இருக்கும்." "எந்த ஆளுங்க?" "வீட்ல வளர்த்த லட்சணம்." அதையெல்லாம் அந்தப் பையனின் அக்காவும் படிக்கிறாள். அவள் கையிலும் போன் இருக்கிறதே. பக்கத்தை நடத்துகிற தம்பியிடம் சொன்னால் ஒரே பதில்: "சார், செய்தி போடறதுதான் என் வேலை. கீழே யாரோ எழுதறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

என்ன பண்ண முடியும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கழிப்பறைச் சுவர் தெரியும். அதில் எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சுவர் எந்தப் பள்ளியுடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு டீச்சரைப் பற்றியோ ஒரு மாணவியைப் பற்றியோ அசிங்கமாக எழுதியிருந்தால், "எழுதியது நான் இல்லை" என்று தலைமையாசிரியர் சும்மா இருக்க முடியுமா? அன்றைக்கே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டு வைத்தால் அது பள்ளிக்கூடமே சொன்னதாக ஆகிவிடும்.

2022 ஜூலையை நாம் மறந்துவிடக் கூடாது. கனியாமூர் தனியார் பள்ளி விடுதியில் ஒரு பிளஸ் டூ மாணவி இறந்தாள். பெற்றவர்கள் நியாயம் கேட்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அடுத்த சில நாட்களில் செல்போனில் ஓடியது வேறு. விசாரணையே முடியாத விஷயத்தில் ஆளாளுக்கு நீதிபதி ஆனார்கள். செத்த பிள்ளையின் நடத்தையைக் கூட எழுதினார்கள். 17ஆம் தேதி கூட்டம் உள்ளே புகுந்தது. பேருந்துகள் எரிந்தன. பெஞ்சையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. வாட்ஸ்அப் குழுக்கள் மூலம் ஆள் சேர்ந்ததாகக் காவல்துறை சொன்னது. வழக்கில் சிக்கி அலைந்தவர்களில் பலர் இளவட்டப் பையன்கள். அந்தக் குழுக்களை ஆரம்பித்தவர்களில் ஒருவராவது, "இது உறுதியான தகவல் இல்லை, நீக்குகிறேன்" என்று உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் சில வீடுகளாவது தப்பித்திருக்கும்.

"அட்மின் பொறுப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே சார்" என்பார்கள். உண்மைதான். 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னது. ஆனால் காரணத்தையும் படியுங்கள். குழு நிர்வாகியால் ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே முடியும், உறுப்பினர் போடுவதைக் கட்டுப்படுத்த முடியாது என்பது அதில் ஒரு முக்கியமான காரணம். அதே ஆண்டின் பிற்பகுதியில், யார் போட்ட செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கிற வசதியை வாட்ஸ்அப் நிர்வாகிகளுக்குக் கொடுத்துவிட்டது. கை கட்டப்பட்டிருந்தபோது சொன்ன சமாதானத்தை, கட்டு அவிழ்ந்த பிறகும் சொல்லலாமா? மேலும், குற்ற வழக்கு வராது என்பதும் பொறுப்பு கிடையாது என்பதும் ஒன்றில்லை.

முகநூல் பக்கம் நடத்துகிறவர்களுக்கு வெளிநாட்டுச் சங்கதி இரண்டு. எஸ்தோனியாவில் டெல்ஃபி என்ற இணையச் செய்தி நிறுவனம் 2006இல் ஒரு கப்பல் கம்பெனியைப் பற்றிச் செய்தி போட்டது. செய்தியில் பிழை இல்லை. கீழே வந்த 185 கருத்துகளில் 20 அளவில் மிரட்டலும் வசவும். ஆறு வாரம் அப்படியே கிடந்தன. நிறுவனமே பொறுப்பு என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொன்னது பேச்சுரிமைக்கு எதிரானது அல்ல என்று 2015இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்த்தது. நஷ்டஈடு வெறும் 320 யூரோ. தொகை சின்னது, பாடம் பெரியது. 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும், தங்கள் முகநூல் பக்கத்தில் வாசகர்கள் எழுதுவதற்குச் செய்தி நிறுவனங்களே வெளியீட்டாளர் என்று சொன்னது. நம் நாட்டுச் சட்டம் வேறு. ஆனால் நியாயம் ஒன்றுதான். கூட்டம் வர வேண்டும் என்று கடை விரித்தவர், கூட்டம் செய்வதைப் பார்க்க வேண்டும்.

"அப்படியென்றால் கமெண்டையே மூடிவிடுகிறேன்" என்று சிலர் முறுக்குவார்கள். அதுவும் தப்பு. இன்னும் சில பக்கங்களில் வேறு வியாதி. சாலை போட்டதில் ஊழல் என்று ஒருவர் எழுதினால் ஐந்து நிமிடத்தில் காணாமல் போகிறது. சாதி வசவு ஐந்து மாதமாக அங்கேயே இருக்கிறது. விளம்பரம் தருகிறவர் மனம் கோணக்கூடாது, செத்தவன் குடும்பம் கோணினால் பரவாயில்லை! இதற்குப் பெயர் நிர்வாகமா?

சொல்ல இடம் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதையும் நாம்தான் பார்த்தோம். 2024 ஜூன், கருணாபுரம். நகரத்தின் நடுவில் விற்ற சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. விற்பது தெருவுக்கே தெரியும். தெரிந்ததைப் பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் இல்லை.

அதன் பிறகு வந்த கமெண்டுகளையும் படித்தேன். பழி முழுக்கக் கல்வராயன் மலை மக்கள் மேல். "மலைக்காரனுங்க வேலை" என்று ஒரே வசவு. அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது தொழிற்சாலை ரசாயனம். மரப்பட்டையையும் வெல்லத்தையும் ஊற வைத்தால் கிடைக்கிற சரக்கு இல்லை. மலையில் காய்ச்சுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்யாத கொலையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன். இதில் பெரிய அநியாயம், கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறினால் பல இடங்களில் சிக்னலே கிடையாது. தங்களைப் பற்றி எழுதியதைப் படிக்கவும் வழியில்லை, பதில் சொல்லவும் வழியில்லை. அந்த மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் ஏன் இப்படி இருக்கிறது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. நம் பக்கங்களில் எத்தனை பேர் அதைக் கேட்டோம்?

சரி, என்ன செய்யலாம்? நான்கே விஷயம்.

1. விதியை முதலிலேயே எழுதிப் பக்கத்தின் மேலே நிறுத்துங்கள். சாதி, பெண்களின் நடத்தை, இறந்தவர் மீது அவதூறு, உறுதியாகாத தகவல் ஆகியவை நீக்கப்படும். அதிகாரியையோ கட்சியையோ விமர்சித்தால் நீக்கப்படாது. இரண்டையும் எழுதுங்கள்.

2. முகநூலில் தடைசெய்யும் சொற்களைப் பட்டியலிட வசதி இருக்கிறது. தமிழிலும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிற முறையிலும் இரண்டு விதமாகவும் சேருங்கள். மரணம் பற்றிய பதிவென்றால் முதல் இரண்டு நாள் கமெண்டை மூடி வையுங்கள். 'ஹைட்' செய்ததோடு விடாதீர்கள். ஹைட் செய்தது எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

3. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினால் பெயரும் முகவரியும் கேட்பார்கள். வெளியிட வேண்டாம் என்றால் மறைத்துப் போடுவார்கள். ஆனால் ஆசிரியருக்கு ஆள் யார் என்று தெரியும். சாராயம், லஞ்சம் பற்றிச் சொல்ல வருகிறவருக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுங்கள். தனிச் செய்தியாக வாங்கி, விசாரித்து, நீங்கள் போடுங்கள்.

4. ஒரு ஆளால் ஆயிரம் கமெண்ட் பார்க்க முடியாது. மூன்று பேரை வையுங்கள். அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். மூன்று பேர் கிடைக்கவில்லை என்றால், பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

"நேரம் இல்லை சார்" என்றால், ஒரு நாளைக்குப் பத்துப் பதிவு போடுவதை ஐந்தாக்குங்கள். ஊருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்தப் பதிவுக்கும் அதே விதிதான். என்னைத் திட்டுங்கள், இருக்கும். மறுத்து எழுதுங்கள், பதில் சொல்வேன். யாருடைய சாதியையாவது, வீட்டுப் பெண்ணையாவது இழுத்தால் இரவு பன்னிரண்டு மணியானாலும் எழுந்து நீக்குவேன். பக்கம் நடத்துகிற தம்பிகளை நீங்களே டேக் செய்யுங்கள். அவர்கள் பதிலையும் கேட்போம்.