மாட்டுக்கறிக் குழம்பும் மிளகாயின் ஜாதியும்

மெக்சிகோ தேசத்தில் மாட்டுக்கறிக் குழம்பு ஒன்று வைக்கிறார்கள். பட்டணத்துப் பெரிய ஓட்டலில் அதை வாயில் நுழையாத பெயரோடு பரிமாறினால், நமது கனதனவான்கள் நாகரிகம் என்று சொல்லிப் பணத்தைக் கொட்டிச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அதே குழம்பு திருச்சுழிப் பக்கத்துச் சேரியில் ஒரு கூலிக்காரத் தோழர் வீட்டு அடுப்பில் கொதித்தால் மாத்திரம் தீட்டு, நாற்றம், பாவம் என்றாகிவிடுகிறது. இந்த யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

முதலில் குழம்பு. எலும்போடு கூடிய கறி 1 கிலோ. முண்டு வற்றல் 15 எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு சீரகத்தோடு அம்மியில் அரைத்துக்கொள்ள வேண்டும். வெங்காயத்தை வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, அரைக் கிலோ தக்காளியும் அரைத்த விழுதும் உப்பும் சேர்த்து, தண்ணீர் விட்டுச் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கறி நார்நாராகப் பிரியும். அவசரப்பட்டால் ரப்பர்தான். கூடவைக்க, மெக்சிகோக்காரர் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து ரொட்டி தட்டுகிறார், பயறு அவிக்கிறார். நம் கரிசல் காட்டுக்குக் கம்பங்களியும், அவித்த தட்டாம்பயறும், எலுமிச்சை பிழிந்த பச்சை வெங்காயமும் போதும். பகலெல்லாம் பருத்திக் காட்டில் குனிந்து கிடந்தவனுக்கு இதைவிடச் சத்து வேறு ஏது?

நிற்க, இதில் அந்நியச் சரக்கு எது? மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498ல் வாஸ்கோடகாமா வந்திறங்கிய பிறகு போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான் மிளகாய். மிளகைப் போல் காரமான காய் என்பதாலேயே அதற்கு அந்தப் பெயர். மாடோ மெக்சிகோவில் கிடையாது. 1521ல் ஸ்பானியர் அந்நாட்டைப் பிடித்த பின்புதான் அங்கே பெருகிற்று. ஆகவே அவர்களுக்குப் புதிது மாடு, நமக்குப் புதிது மிளகாய்.

மாட்டுக்கறி இங்கே பழைய உணவு. பாலை நிலத்து மறவர் வேம்படித் தெய்வத்துக்குக் கொழுத்த ஆவைப் பலியிட்டுப் புழுக்கித் தின்றதை அகநானூறு சொல்லுகிறது. பாணினியின் வடமொழி இலக்கணத்திலோ விருந்தாளிக்குக் "கோக்னன்" என்றே ஒரு பெயர். எவனுக்காகப் பசு கொல்லப்படுகிறதோ அவன் என்று பொருள். அப்படியிருக்க, மிலேச்சன் கப்பலில் வந்த மிளகாயைச் சாம்பாரில் போட்டு மடியாகச் சாப்பிடுகிறவர், மாட்டுக்கறி தின்பவனை ஆசாரம் கெட்டவன் என்பது என்ன நியாயம்? திவசத்தன்று மட்டும் மிளகாயை விலக்கி மிளகு போடுகிறார்களே, ஏன்? அது வந்தேறிச் சரக்கு என்பது அவர்களுக்கே தெரியும்!

ஜீவகாருண்யம் என்பார்கள். ஆட்டையும் கோழியையும் மென்றுகொண்டே மாட்டுக்கறிக்கு மூக்கைப் பொத்துகிற ஜாதி இந்துக்களுக்கு எந்த ஜீவனிடத்தில் காருண்யம்? கமலை இறைத்த காலத்தில் கூனைக்குத் தோல் வேண்டியிருந்தது. கச்சேரி மிருதங்கத்துக்கு இன்றும் மாட்டுத்தோல் வேண்டும். அதை உரித்துப் பதப்படுத்துகிறவன் மட்டும் தள்ளி நிற்க வேண்டுமாம்.

சம்சாரியின் கதையையும் பார்க்க வேண்டும். 1958ம் வருஷத்துச் சட்டப்படி, 10 வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத எருதை அத்தாட்சி பெற்று அறுக்கலாம். கிழ எருதை விற்ற காசுதான் அடுத்த எருதுக்கு முதல். 2017 மே மாதத்தில் மத்திய சர்க்கார், சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக்கூடாதென்று விதி போட்டது. மதுரையிலுள்ள ஹைக்கோர்ட் கிளை அம்மாதம் 30ந் தேதியே அதற்குத் தடை கொடுத்தது. மழை பொய்த்த வருஷத்தில் மனிதனுக்கே கஞ்சியில்லாத இந்த வறட்டுச் சீமையில், வேலை செய்யாத எருதுக்கு வைக்கோல் யார் போடுவது? விதி போட்டவர்களா?

ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டால் "என்ன சாப்பிடுவீர்கள்?" என்கிறார்கள். அது கறியைப் பற்றிய கேள்வி அல்ல. ஜாதியைக் கேட்க வெட்கப்பட்டுக் கேட்கிற கேள்வி. ஜாதி ஒழிய வேண்டுமென்று சமபந்தி விருந்து நடத்துகிற தோழர்களையும் ஒன்று கேட்கிறோம்: எத்தனை காலத்துக்குச் சாம்பாரும் பாயசமும்? அடுத்த பந்தியில் இந்தக் குழம்பையும் ஒரு பானை இறக்கி வையுங்கள். யார் யார் இலையை விட்டு எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.