ஆஷின் மூஞ்சியும் ரெண்டாயிரம் ரூபாய் நோட்டும்

2016 நவம்பரை எந்த பேங்க்காரனும் மறக்க மாட்டான். எட்டாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு. அதற்கப்புறம் எங்கள் கிளையில் பகல் எது, ராத்திரி எது என்றே தெரியவில்லை. அப்போது நாக்பூரில் இருந்தோம். வாசலில் க்யூ, கவுண்டரில் விரலுக்கு மை, உள்ளே கேஷ் டேலி ஆக வேண்டுமே என்ற பயம். வீட்டுக்கு வந்து சேர மணி பதினொன்று ஆகிவிடும்.

அப்படி ஒரு ராத்திரி வந்து பார்த்தால், ஆறாவது படிக்கிற பெரியவன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். கண்ணெல்லாம் சிவப்பு.

"அப்பா, ஆஷ் மூஞ்சியக் கெடுத்துட்டாங்கப்பா."

எதிர் வீட்டு ஆஷுவைத்தான் எவனோ அடித்துவிட்டான் என்று நினைத்து செருப்பைக் கழற்றாமலே திரும்பப் போனேன். தங்கமணிதான் பிடித்து நிறுத்தினாள். "அந்த ஆஷு இல்லைங்க. இது போகிமான் ஆஷ்!"

போகிமானில் புதிய தொடர் 'சன் அண்ட் மூன்' அந்த மாதம் 17ஆம் தேதி ஜப்பானில் ஆரம்பித்திருந்தது. அதில் ஆஷை வேறு மாதிரி வரைந்திருந்தார்கள். உருண்டை முகம், பெரிய கண், குட்டை உடம்பு, எதற்கெடுத்தாலும் கோணல் சிரிப்பு. பையன் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். காலையிலிருந்து கவுண்டரில் நான் கேட்டதும் இதே புலம்பல்தான். புது ரெண்டாயிரம் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது நோட்டா, பசங்க விளையாடுற காசா?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அளவு மாறியதால் ஏ.டி.எம். மெஷினே அதை ஏற்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து சரிபண்ண வேண்டியிருந்தது. என் பையனும் ஒரு ஏ.டி.எம். மாதிரி புது ஆஷை வெளியே துப்பிவிட்டான் :-)

இந்தப் பதிவு அந்த ஆஷுக்காக வாதாடத்தான். பி.காம். படித்தவனுக்கு கார்ட்டூனில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போகிமான் வந்தபோது நான் கல்யாணமாகாத ஆபீசர். மெஸ்ஸில் டி.வி. ரிமோட் ஓனர் பையன் கையில். சப்பாத்தியும் பிக்காச்சுவும் எனக்கு ஒன்றாகத்தான் பழக்கமாயின. பிறகு என் பிள்ளைகள் ஹிந்தி கற்றுக்கொண்டதில் பாதி ஸ்கூலில், பாதி போகிமானில்.

முதலில் ஒரு கேள்வி. கெட்டுப்போன மூஞ்சி என்றால், கெடாத ஒரிஜினல் மூஞ்சி எது?

1997 ஏப்ரல் முதல் தேதி ஜப்பானில் தொடர் ஆரம்பித்தபோது எல்லாம் செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். 2002 வாக்கில் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்ட ஆரம்பித்தார்கள். நிறம் பளிச்சென்று ஆனது, "உயிர் போச்சு" என்று அப்போதே ஒரு கூட்டம் அழுதது. 2010-இல் வந்த 'பெஸ்ட் விஷஸ்' தொடரில் ஆஷின் கண்ணுக்குள் பழுப்பு நிறம் புகுந்தது. அதற்கும் அழுகை. 2013-இல் 'எக்ஸ் ஒய்' வந்தது. ஒல்லி உடம்பு, கூர்மையான முகம், சினிமா மாதிரி சண்டைகள். என் பையனுக்கு எட்டு வயது. அதுதான் அவனுடைய ஒரிஜினல். மெஸ் டி.வி.யில் பார்த்த முகம் எனக்கு ஒரிஜினல். நாம் எந்த வருஷம் பார்க்க ஆரம்பித்தோமோ அந்த வருஷத்து முகத்துக்கு ஒரிஜினல் என்று பேர் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இருந்தாலும் பையன் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அதே 2016-இல்தான் எக்ஸ் ஒய் தொடரின் கேலோஸ் லீக் ஃபைனலில் ஆஷ், அலைனிடம் தோற்றான். கிரெனின்ஜாவோடு சேர்ந்து அவன் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள் இந்த முறை கப் அவனுக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தார்கள். தோற்ற காயம் ஆறுவதற்குள் அவனைப் பிடித்து ஸ்கூலில் உட்காரவைத்து, கோணல் சிரிப்பு சிரிக்கவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆஷுக்கு வயது பத்து. கதையில் அது ஏறவே ஏறாது. என் பையனுக்கு அந்த வருஷம் பதினொன்று. கூடவே வளர்ந்து வந்த தோழன் திடீரென்று தன்னைவிடச் சின்னப் பிள்ளையாகி, தங்கச்சியோடு விளையாடப் போய்விட்டான். அழாமல் என்ன செய்வான்?

தங்கச்சிக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு அந்த மூஞ்சி உடனே பிடித்துவிட்டது. அவளோடு உட்கார்ந்துதான் நான் சன் அண்ட் மூனைப் பார்த்தேன், முதலில் கடமைக்கு, பிறகு ஆசையோடு. பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. முகத்தை மாற்றியது சும்மா இல்லை. இந்தக் கதைக்கு அந்த முகம்தான் வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். அதுவரைக்கும் ஆஷ் வாழ்ந்தது நம்மைப் போன்ற பேங்க் ஆபீசர் வாழ்க்கை. மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். கேன்டோ, ஜோட்டோ, ஹோயன், சின்னோ, யுனோவா, கேலோஸ் என்று டிரான்ஸ்பர் மேல் டிரான்ஸ்பர். ஊர் மாறினால் கூட இருந்த நண்பர்கள் போய்விடுவார்கள். பிடித்து வளர்த்த போகிமான்களில் பெரும்பாலானவை ஓக் பேராசிரியரின் இடத்துக்குப் போய்விடும், செயல்படாத கணக்குகள் மாதிரி. புது ஊருக்கு ஓப்பனிங் பேலன்ஸாக வருவது பெரும்பாலும் பிக்காச்சு ஒன்றுதான். அந்த ஊரில் லீக். அதில் தோல்வி. மறுபடி பெட்டி கட்டு.

சன் அண்ட் மூனில்தான் அவன் முதல்முறையாக ஒரு ஊரில் குடியிருந்தான். ஹவாய்த் தீவுகளை மாதிரியாக வைத்து உருவாக்கிய அலோலா. அதில் மெலிமெலி தீவில் ஒரு ஸ்கூல், கூடப் படிக்கிற ஐந்து பேர், கடற்கரையில் குக்குய் பேராசிரியர் வீடு. மாடியில் படுக்கை. காலையில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பாடு. நடுவில் குக்குய்க்கும் பர்னெட்டுக்கும் கல்யாணம் நடக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீடு ஆஷுக்கு அப்பா அம்மா வீடு மாதிரியே ஆகிவிடுகிறது. காலையில் தூங்கி எழுந்த முகம், ஹோம்வொர்க் செய்யாத முகம், அடுத்தவன் தட்டைப் பார்க்கிற முகம், இதையெல்லாம் எக்ஸ் ஒய்யின் கூர்மையான முகத்தில் காட்ட முடியுமா? அது சண்டைக்கென்று வரைந்த முகம். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இழுத்தால் இழுபடுகிற முகம் வேண்டும்.

தொழில் முறையிலும் இதற்குக் காரணம் உண்டு. கையால் வரைகிற அனிமேஷனில் ஒவ்வொரு அசைவுக்கும் படத்தைத் திரும்ப வரைய வேண்டும். முகத்தில் கோடு குறைந்தால், அதே உழைப்பில் அசைவைக் கூட்டலாம். டைரக்டர் தைகி தொமியாசுவும் உருவங்களை வரைந்த ஷுஹேய் யசுதாவும் போட்ட கணக்கு அதுதான். அழகில் கொஞ்சம் டெபிட் செய்து அசைவில் கிரெடிட் செய்தார்கள். பலர் டெபிட்டை மட்டும் பார்த்துவிட்டு பாஸ்புக்கை மூடிவிட்டார்கள்.

நம்பாதவர்கள் லிட்டன் என்ற பூனைக்குட்டி போகிமானின் கதையைப் பார்க்க வேண்டும். அது சந்தையில் சாப்பாடு திருடும். யாரிடமும் அண்டாது. பிறகுதான் தெரிகிறது, திருடுவது தனக்காக இல்லை. ஸ்டவுட்லாண்ட் என்ற கிழட்டு நாய் போகிமான் ஒன்று நோயோடு கிடக்கிறது, அதற்காக. ஒரு நாள் அந்த இடத்தில் கிழம் இல்லை. செத்துப்போனது என்று யாரும் வசனம் பேசவில்லை. இலை உதிர்கிற மரம், காலி இடம், சாப்பிட மறுக்கிற குட்டி, அவ்வளவுதான். என் மகள் டி.வி.யைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அந்தத் தாத்தா எங்கப்பா?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. 'கேவலமான டிராயிங்' என்று ஊரே சிரித்த தொடரில்தான் இது வந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆரம்பத்தில் சண்டைகளில் வலு இல்லை. கோணல் முகச் சிரிப்பு சில எபிசோடுகளில் அளவுக்கு மீறிவிட்டது. எக்ஸ் ஒய் தந்த பிரமிப்பு இதில் வருவதற்கு ரொம்ப நாள் பிடித்தது. இதையெல்லாம் பையன் சொன்னால் நான் மறுப்பதில்லை.

இனி என் சொந்தக் கதை. 2017-இல் நாக்பூரிலிருந்து ராய்ப்பூர். பிள்ளைகளுக்கு மறுபடி புது ஸ்கூல், புது டி.சி., புது நண்பர்கள். 2019-இல் ஸ்கேல் த்ரீ பிரமோஷன், போஸ்டிங் குவாஹாத்தி. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகளுக்கு அப்போது பத்து வயது, ஆஷின் வயது. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அலோலால ஆஷ் இருக்கான்ல, அந்த மாதிரி நாமளும் ஒரே வீட்டுல இருக்கலாமாப்பா?"

தங்கமணி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆர்டரைப் பார்த்தேன். பிரமோஷனை விடவும் மனசில்லை, பிள்ளைகளைப் பிடுங்கி நடவும் மனசில்லை. கடைசியில் அவர்கள் ராய்ப்பூரில், நான் மட்டும் குவாஹாத்தியில் ஒற்றை ரூமில். இரண்டரை வருஷம். சரியான முடிவா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இரண்டரை வருஷத்து ராத்திரிச் சாப்பாட்டை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

2019 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி குவாஹாத்திக்குப் போன். பெரியவன். அவனுக்கு அப்போது ஒன்பதாவது.

"அப்பா, ஜெயிச்சுட்டாம்ப்பா!"

யார் என்று நான் கேட்கவில்லை. அலோலா லீக் ஃபைனல். கிளேடியனின் லைகன்ராக்கை ஆஷின் லைகன்ராக் சாய்த்தது. ஆரஞ்சுத் தீவுகளிலும் பேட்டில் ஃபிரன்டியரிலும் அவன் முன்பே ஜெயித்திருக்கிறான், ஆனால் அவை லீக் இல்லை. 22 வருஷத்தில் முதல் லீக் கப் இதுதான். அடுத்து குக்குய் பேராசிரியரோடு முழு ஆட்டம். அந்த லிட்டன் குட்டி வளர்ந்து குக்குயின் இன்சினரோரோடு மோதியதைப் பார்த்துவிட்டு, இந்த டிராயிங்கில் சண்டை வராது என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பையன் போனை வைக்கும் முன் மெதுவாகச் சொன்னான். "ஊர் ஊரா சுத்துனப்பல்லாம் தோத்தான். வீட்டுல இருந்தப்பதாம்ப்பா ஜெயிச்சான்."

கதையை எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதினார்களா என்பது வேறு. 2022 நவம்பரில் ஆஷ் ஊர் சுற்றியேதான் உலக சாம்பியன் ஆனான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. அவன் சொன்னது ஆஷைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இதை நமக்கு ஏன் சொல்கிறேன் என்றால், லீவுக்கு விருதுநகர் போகும்போதெல்லாம் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். "பேச்சே மாறிப்போச்சே, ஹிந்திக்காரப் புள்ள மாதிரில்ல இருக்கு" என்று பெரியப்பா சொல்வார். அவர் மனசில் இருப்பது நாம் ரயில் ஏறிய வருஷத்து முகம். அதோடு ஒட்டிப் பார்த்துவிட்டு 'கெட்டுப்போச்சு' என்று எழுதிவிடுகிறார். அதே பிள்ளைதான் தினமும் ஆச்சிக்குப் போன் போட்டு முட்டி வலி எப்படி இருக்கு என்று கேட்கிறது, ஹிந்தி வாடை அடிக்கிற தமிழில். கோடு மாறியிருக்கிறது, உண்மைதான். கேரி ஃபார்வர்டு ஆகியிருப்பதையும் கொஞ்சம் பாருங்கள் பெரியப்பா!

2023 மார்ச்சோடு ஆஷின் கதையை முடித்துவிட்டார்கள். ஏப்ரலில் லிகோ, ராய் என்று புதுப் பிள்ளைகளோடு தொடர் தொடர்ந்தது. மே மாதம் ரெண்டாயிரம் ரூபாய் நோட்டையும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. "ஐயோ, நல்ல நோட்டாச்சே சார்" என்று என் கவுண்டரிலேயே ஒருவர் வருத்தப்பட்டார் :-) அந்த வருஷம்தான் பெரியவனும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டினான்.

லீவுக்கு வந்தவன் ஒரு நாள் தங்கச்சியோடு உட்கார்ந்து அலோலா பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா, மூஞ்சி பிடிச்சிருச்சா?" என்றேன்.

"டிராயிங்னா எக்ஸ் ஒய்தாம்ப்பா. அதுல மாத்தமே இல்ல," என்றான், கண்ணை எடுக்காமல். டி.வி.யில் குக்குய் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் போய் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.