பொறுத்துக்கோ என்று சொல்லாதீர்கள்

"முதல் புள்ளைக்கு அப்படித்தான் கண்ணு, பொறுத்துக்கோ." பால் கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற பெண்ணுக்கு நம் திருப்பூரில் கிடைக்கும் முதல் வைத்தியம் இதுதான். அமுச்சியும் மாமியாரும் தாங்கள் பட்டதைச் சொல்கிறார்கள், அவர்கள்மேல் குறையில்லை. என் கோபம் நம்மேல்தான், இந்தக் காலத்துப் பெற்றோர்மேல். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்துகிற ஊர் இது. பெற்றவளின் காம்பு வெடித்து ரத்தம் கசியும்போது மட்டும் நாள்கணக்கில் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

முதல் சில நாட்கள், குழந்தை வாய் வைத்ததும் கொஞ்ச நேரம் சுரீரென்பது இயல்பு. குடித்து முடிக்கும்வரை வலித்தாலோ, குழந்தை விட்டதும் காம்பு நசுங்கித் தெரிந்தாலோ அது இயல்பில்லை. பெரும்பாலும் குழந்தை பிடிக்கும் விதத்தில்தான் கோளாறு. காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். வாய் அகலத் திறந்து, கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். கீழுதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பைத் தொட்டிருக்க வேண்டும். பிடி சரியில்லை என்றால் வெடுக்கென்று இழுக்காமல், கழுவிய சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி வைக்கலாம். மருத்துவமனையிலிருந்து கிளம்புமுன் நர்ஸ் அக்காவை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பில் போட்டாச்சா, கார் வந்தாச்சா என்று நிற்கிறோமே, அந்த நேரத்தில் இதைக் கேட்கலாம்.

வலியில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென இரண்டு பக்கமும் எரிச்சல், குடித்து முடித்த பிறகும் உள்ளே குத்தல், காம்பைச் சுற்றி மினுமினுப்பு அல்லது தோல் உரிதல் என்றால் கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். ஆபரேஷனுக்காகக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு இது வர வாய்ப்பு அதிகம். குழந்தையின் கன்னத்து உட்புறத்தையும் உதட்டு உட்புறத்தையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகள் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நாக்கு மட்டும் வெளுத்திருந்தால் பெரும்பாலும் அது பால் படிவுதான். எல்லா வலியும் பூஞ்சை என்று முடிவுகட்டுவதும் தவறு.

இங்கே நாம் செய்கிற காரியங்கள்தான் பொறுக்க முடியாதவை. துணியைச் சுற்றிய விரலால் பச்சைக் குழந்தையின் வாயை வழித்துப் புண்ணாக்குகிறோம். தேன் தடவுகிறோம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, அதில் இருக்கக்கூடிய கிருமி நரம்பையே முடக்கும். இன்னொரு தவறு, மெடிக்கல் கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டு வாங்குவது. அப்படி வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாள் எரிச்சல் அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும், தோல் மெலியும். குழந்தையின் வாயிலும் அந்தக் களிம்பு போகும்.

பூஞ்சை என்று டாக்டர் சொன்னால் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும். குழந்தைக்குச் சொட்டு மருந்து, தாய்க்குக் களிம்பு. ஒருவரை விட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டும். வெள்ளை மறைந்ததும் நிறுத்தாமல், சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். பிராவையும் துண்டையும் சுடுநீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பருத்திச் சட்டை தைத்து அனுப்புகிறோம். நம் வீட்டுப் பெண் ஈரம் காயாத நைலான் உள்ளாடையோடு இருக்க வேண்டாம்.

பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. வலி தாங்க முடியாவிட்டால் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். வலிக்கிறதே என்று பவுடர் பாலுக்குத் தாவ வேண்டாம். பவுடர் பால் டப்பாவின் விளம்பரத்தையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. விளம்பரம் செய்ய முடியாததை நாமே வாய்வழியாகப் பரப்புகிறோம். கொடுப்பதை நிறுத்திப் பால் கட்டினால் வலி இன்னும் கூடும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஷிப்மென்ட் அவசரம், பீஸ் ரேட் கூலி, எல்லாம் தெரியும். ஆனாலும் மனைவிக்கு வலி என்றால் நீங்களே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து லைன் வீட்டில் தனியாகக் கிடக்கும் பெண்ணுக்கு அம்மாவும் பக்கத்தில் இல்லை, மொழியும் தெரியாது. பக்கத்து வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் அவளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அரை நாள் கூலி போகட்டும். தாராபுரம் ரோட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 104க்குப் போன் செய்து கேளுங்கள். மார்பு ஒரு பக்கம் சிவந்து கெட்டியாகிக் காய்ச்சலும் அடித்தால் போனோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.