ஆறாத புண்ணுக்கு ரெட்டைப் பூட்டா?

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் என் பெரியம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு தழும்பு. முப்பது வருஷம் முன்பு நெல் அவிக்கும்போது கொதிதண்ணி கொட்டிய இடம். போன வருஷம் அது வெடித்துப் புண்ணாச்சு. மஞ்சள், வேப்பிலை, மெடிக்கல் ஷாப் களிம்பு என்றே எட்டு மாதம் ஓடியது. 'சுகர் இருக்கு, அதான் ஆறமாட்டேங்குது' என்றோம். (நானும்தான்!) கடைசியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தபோது தெரிந்தது... தோல் புற்றுநோய்!

பழைய தீக்காயத் தழும்பில் புற்று வருவதை டாக்டர்கள் வெகுகாலமாகவே அறிவார்கள். 'மார்ஜோலின் புண்' என்று அதற்குப் பெயரே உண்டு.

"ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா புற்று கரைஞ்சிடுமாமே, வாங்கிடலாமாப்பா?" என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். நம் செல்களின் மேல் 'வளர்' என்ற உத்தரவை வாங்கும் கதவுகள் உண்டு. அதில் ஒன்று, தோல் வளர்ச்சிக் காரணியின் கதவு. அந்தக் காரணியைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகைத் தோல் புற்றில் இந்தக் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். செடுக்ஸிமாப் போன்ற மருந்து அதைச் சாத்தும். புற்று லேசுப்பட்டதா? இன்சுலின் போன்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியின் கொல்லைக் கதவு வழியாக உத்தரவு வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இரண்டையும் ஒருசேரப் பூட்டும் யோசனை.

யோசனை அருமை! ஆனால், நுரையீரல் புற்றில் இப்படி இரண்டையும் பூட்டிப் பார்த்த பெரிய சோதனையைப் பலனில்லை என்று 2010-ல் நிறுத்திவிட்டார்கள். தோல் புற்றுக்கும் இது வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. முதல் பூட்டால் முகமெல்லாம் பரு மாதிரி பொரியும், வயிற்றுப்போக்கு வரும். இரண்டாவது பூட்டு சுகரை ஏற்றும். பெரியம்மாவுக்கு இருக்கிற சுகர் போதாதா? (கருமச்சப் புற்றுக்கு 2014 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெட்டை மருந்து வேறு சங்கதி. அது கதவைத் தொடுவதில்லை. செல்லுக்குள் ஓடும் 'ஒயரை'த் துண்டிக்கிறது.)

என் ஆதங்கம் வேறு. புண் சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் எட்டு மாதம் களிம்பிலேயே போனதே! 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். கூடவே, "ஒரு மாசமா ஆறாத புண் ஏதாவது இருக்காம்மா? பாதத்துல புதுசா கறுப்பு மச்சம்?" என்று கேட்டால் என்ன? காசில்லாத கேள்விதானே!

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நெறிகட்டியில் பரவவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். பஸ் ஏறும்போது மட்டும் காலைக் கொஞ்சம் தாங்குகிறார்.