துப்பாக்கிக் குழலில் படியும் உப்பு

குடகு மலைநாட்டில் நாற்று நடவு முடிந்து, செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கைல்போத் பண்டிகை வரும்பொழுது, கொடவர் இல்லங்களில் துப்பாக்கிகளைத் துடைத்துச் சுத்தம் செய்து, பூஜையறையில் வைத்து, நம் தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளை அவற்றுக்குச் சூட்டி வழிபடுவது நெடுங்கால வழக்கம். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டும், வீட்டில் மரணம் நேர்ந்தால் இரண்டு வேட்டும் போட்டு ஊருக்கு அறிவிக்கின்ற அச்சமுதாயத்துக்கு, ஆயுத உரிமச் சட்டத்திலிருந்து ஆங்கிலேயர் காலந்தொட்டு விலக்கு உண்டு. மத்திய அரசு அவ்விலக்கை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அம்மலைநாட்டுக்கு இப்புறத்தில் நம் மாநிலத்திலும், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்ட முதலாளிகளும், ஓய்வுபெற்ற ராணுவத்தாரும், குறி பார்த்துச் சுடுதலை விளையாட்டாகப் பயிலும் இளைஞர்களும் உளர். இவர்கள் எல்லோரையும் ஒரு சாதாரணக் கேள்வி எதிர்நோக்குகிறது: குழலை எதைக்கொண்டு கழுவுவது, அதுவும் அதிகச் செலவில்லாமல்?

வெளிநாட்டிலிருந்து சிறு புட்டிகளில் வரும் திரவங்களுக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால், சிக்கனத்தை நாடுவது முற்றிலும் நியாயமான காரியமே. ஆயினும் பெரும்பாலோர் மலிவான திரவம் எது என்று கேட்டுவிட்டுப் பிறகு அதனால் எந்த அழுக்குப் போகும் என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றி, குழலினுள் படிந்திருக்கும் பொருள் இன்னதென்று முதலில் தெரிந்துகொண்டால், தேவையான திரவம் வீட்டிலேயே இருப்பது பல சமயங்களில் புலப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு நூறாண்டுகளுக்கு முன் நடந்த ஓர் ஆராய்ச்சியே சிறந்த சான்று. புகையில்லா மருந்து பழக்கத்துக்கு வந்த காலத்தில், சுட்ட பிறகு எவ்வளவு அக்கறையோடு எண்ணெய் பூசி வைத்தாலும், சில நாட்களுக்குள் குழலில் துரு ஏறிவிடுவதைக் கண்டு ராணுவத்தாரும் வேட்டைக்காரரும் மனம் சோர்ந்தனர். மருந்தின் அமிலம் எஃகின் நுண்ணிய துவாரங்களில் புகுந்து பதுங்கியிருந்து, பின்னர் வியர்வையைப்போல் வெளிவருகிறது என்று அக்காலத்துப் பெரியோர் பலர் விளக்கம் கூறினார்கள். அதனை நம்பி, அமிலத்தை முறிக்கும் பொருட்டுக் காரம் கலந்த எண்ணெய்களை விலை கொடுத்து வாங்கிப் பூசியவர்கள் அநேகர். அமெரிக்கச் சுரங்கத்துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் என்னும் ரசாயன அறிஞர் 1922-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அவ்விளக்கத்தை அடியோடு தள்ளிவிட்டது. குற்றம் பெருமருந்தின்மேல் இல்லை, தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் சிறுமருந்தில் சேர்ந்திருக்கும் பொட்டாசியம் குளோரேட்டின்மேல் இருக்கிறது. அது வெடித்தவுடன் பிராணவாயுவை இழந்து பொட்டாசியம் குளோரைடாகிக் குழல் முழுவதும் படிகிறது. அந்தக் குளோரைடோ நம் சமையலறை உப்புக்கு உடன்பிறப்பு போன்றது என்று அவர் நிரூபித்தார். காற்று வறண்டிருக்கும்வரை அந்த உப்பு தீங்கு செய்யாமல் கிடக்கும். ஈரம் மிகுந்தவுடன் நீரை இழுத்துக்கொண்டு, மேலே எண்ணெய்ப் படலம் இருந்தாலும் அதற்கு அடியிலேயே எஃகை அரிக்கத் தொடங்கும்.

எண்ணெயில் உப்பு கரையாது. மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கரையாது. அது கரைவது தண்ணீரில். இவ்வளவு எளிய உண்மையை உணராமையால் எத்தனையோ நல்ல துப்பாக்கிகள் பாழாயின என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. பிரிட்டிஷ் ராணுவத்துச் சிப்பாய்கள் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் புனலை வைத்துக் கொதிநீரை ஊற்றியதும், பழைய கரிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் சோப்பு கரைத்த வெந்நீரில் குழலை அலசியதும், இரும்புக்குத் தண்ணீர் பகை என்று அஞ்சாத அனுபவ ஞானத்தின் விளைவுகளே. கரிமருந்து எரிந்தபின் நிற்கும் கசடிலும் பொட்டாசியம் உப்புகளே மிகுதி. ஆதலால் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி உடையோருக்கும், பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுடுவோருக்கும், வெந்நீரே முதற் கரைப்பான். அதற்கு ஈடான மலிவுப்பொருள் வேறு கிடையாது. குழலை மரக்கட்டையிலிருந்து கழற்றி, கொதிக்கும் நீரை ஊற்றி வடித்தால், சூடேறிய எஃகு தானே பெரும்பாலும் உலர்ந்துவிடும். எஞ்சிய ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, உடனே மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் மடிக்கேரி போன்ற ஊரில், இதனை மறுநாளைக்கு ஒத்திப்போடுவது துருவை வலிய அழைப்பதற்கு ஒப்பாகும்.

1920-களின் பிற்பகுதியிலிருந்து குளோரேட் இல்லாத சிறுமருந்து பரவிவிட்டபடியால், இன்றைய தோட்டாக்களால் படிவது பெரும்பாலும் கரியும், எரியாத மருந்தின் பிசுபிசுப்பும், ஈயமுமே. இவற்றை இளக்குவதற்கு மண்ணெண்ணெயும், பெயிண்ட் கடைகளில் டர்பன்டைன் என்று விற்கப்படும் கனிம எண்ணெயும் மிகவும் போதுமானவை. ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க் அகஸ்ட் ஹோப் என்பவர் 1903-இல் விற்கத் தொடங்கிய ஒன்பதாம் எண் திரவம் உலகப் பிரசித்தி பெற்றதாயிற்று. அதே நகரத்து ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலையிலோ, அசிட்டோன், டர்பன்டைன், சுத்திகரித்த மண்ணெண்ணெய், திமிங்கல எண்ணெய் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து ஒரு திரவம் செய்தனர். அக்கலவையின் விவரத்தை ஜூலியன் ஹாட்சர் என்னும் தளபதி 1947-இல் வெளியிட்ட தம் குறிப்பு நூலில் எழுதி வைத்தார். பிற்காலத்தில் எட் ஹாரிஸ் என்பவர், திமிங்கல எண்ணெய்க்குப் பதிலாக மோட்டார் வண்டியின் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயைச் சேர்த்து, அதனைச் சாமானியர் வீட்டுக்கு உரியதாக்கினார்; அதன் நிறம்பற்றி ‘எட்ஸ் ரெட்’ என்ற பெயரும் நிலைத்தது. ஆயுதசாலையின் அறிவு மோட்டார் கடையிலும் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும் நான்கு பொருள்களாக இறங்கிவந்த இவ்வரலாற்றை நான் மிகுந்த மதிப்போடு நோக்குகிறேன். எனினும் நம் நாட்டு வீடுகளுக்கு அக்கலவையில் அசிட்டோன் வேண்டுவதில்லை என்றே கூறுவேன். அது எளிதில் தீப்பற்றும், மரக்கட்டையின் வார்னிஷையும் பிளாஸ்டிக் பாகங்களையும் கெடுக்கும். சற்று நேரம் கூடுதலாக ஊறவைத்தால், மற்ற மூன்றுமே வேலையைச் செய்துவிடும்.

துடைத்தபின் தேங்காயெண்ணெய் பூசுவது சிலருடைய பழக்கம். அதனைக் கைவிட வேண்டும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். தாவர எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகி இயந்திர பாகங்களை ஒட்டவைப்பதும் உண்டு. தையல் இயந்திர எண்ணெய் விலையும் குறைவு, குணமும் மேல்.

இனி, மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாதவற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. மூடிய அறையில் ஒரு கிண்ணம் பெட்ரோலை வைத்துக்கொண்டு குழலைத் தேய்ப்பவர், அடுத்த அறையில் எரியும் விளக்கையும் கணக்கில் கொள்ள வேண்டியவராகிறார். மண்ணெண்ணெய் அவ்வளவு அபாயமானதன்று. ஆனால் நம் கோடை வெப்பத்தில் அதுவும் ஆவியாகிப் பற்றும் நிலையை எட்டிவிடுமாதலால், ஜன்னலைத் திறந்து வைப்பது அவசியம். வண்டிகளின் பிரேக்கைக் கழுவும் தெளிப்பான்கள் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி நரம்புகளையும் ஈரலையும் தாக்கும், சூடான உலோகத்தில் பட்டால் நச்சுவாயுவாகவும் மாறும். எல்லாவற்றிலும் கொடியது, ஈயத்தைக் கரைப்பதற்காக வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலக்கும் பழக்கம். இரண்டும் தனித்தனியே சாதுவான வீட்டுப் பொருள்கள். சேர்ந்து ஈயத்தைக் கரைக்கும்போது உண்டாகும் ஈய அசிட்டேட்டோ, தண்ணீரில் கலந்து நிற்கும் கடும் விஷம். அதனைச் சாக்கடையில் ஊற்றுபவர் தம் விஷத்தை ஊருக்குப் பங்கிடுகிறார். ஈயத்தைப் பித்தளைத் தூரிகையாலும் பொறுமையாலும் எடுக்க வேண்டுமேயன்றி இவ்வழியில் எடுக்கலாகாது.

குளிர்பான புட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றிவைக்கும் வழக்கத்தால் நம் நாட்டில் எத்தனை குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுகின்றன என்பதை மருத்துவர்கள் நன்கறிவார்கள். அப்படி ஒரு குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. திரவம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் அபாயம் அதில்தான் அதிகம். துப்பாக்கி துடைக்கும் திரவம் எதுவாயினும் அதற்கென்று தனிப் பாத்திரமும், மூடியும், பெயர்ச்சீட்டும், பூட்டிய அலமாரியும் இருக்க வேண்டும். சமையலறையிலும் உணவு மேஜையிலும் இவ்வேலை கூடாது. வேலைக்கு முன் குழலும் தோட்டா அறையும் காலியாய் இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிய பிறகே துணியைக் கையில் எடுக்க வேண்டும். முடிந்தவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்போர் பாதுகாப்புப் பயிற்சி பெறுவதை வற்புறுத்துகின்றன. அப்பயிற்சியில் ஒரு மணி நேரத்தையேனும் சுத்தம் செய்யும் முறைக்கு ஒதுக்கி, எந்த மருந்துக்கு எந்தக் கரைப்பான், எது ஆகாது என்பதைத் தாய்மொழியில் அச்சிட்ட ஒரு பக்கத் துண்டறிக்கையாகக் கொடுத்தனுப்புவது அரசாங்கத்துக்குப் பெரிய செலவன்று. உரிமம் வேண்டாத குடகிலும், கைல்போத்துக்கு முந்திய வாரங்களில் அதே துண்டறிக்கையைக் கன்னடத்திலும் கொடவ மொழியிலும் வீடுதோறும் சேர்ப்பிக்கலாம்.