பத்து நாளைக்கு ஒரு டீ



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். ஆட்டோ ஓட்டியவன், வயது 38. இன்சூரன்ஸ் கிடையாது. “அதுக்கெல்லாம் வசதியில்லை சார்” என்று என்னிடமே சொன்னவன். கணக்கு வாத்தியார் நான், அன்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்று கணக்குப் போடுகிறேன். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய். நாளுக்கு 1 ரூபாய் 20 காசு. பத்து நாள் சேர்த்தால் ஒரு டீ! வங்கிக் கணக்கு உள்ளவர்கள் 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். சேர்ந்து 30 நாள் கழிந்தபின் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம்.

2 லட்சத்தில் காலம் ஓடாதுதான். ஆனால் பிள்ளைகளின் படிப்பு அந்த வருடம் நிற்காது.

டீயை விடச் சொல்லவில்லை. மே கடைசியில் கணக்கில் பணம் விட்டுவையுங்கள். “சேர்ந்தாச்சு சார்” என்று கீழே எழுதுங்கள்.